சைக்காலஜியா, அது எதுக்கு?

ஹைதராபாத் சனத்நகரில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு டிசம்பரிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். பரீட்சை மார்ச்சில்தான். ஆனால் இன்டர் கல்லூரிகளின் பிஆர்ஓக்களுக்கு அதுவரை பொறுமை கிடையாது. நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டால் பதில் வராது. "பாப்பாகி எம்பிசியா, பைபிசியா மேடம்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்தால் இன்ஜினியர். உயிரியல் எடுத்தால் டாக்டர். மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்ற நினைப்பே அந்தக் குரலில் இருக்காது.

என் மகள் அந்த மூன்றாவதைக் கேட்டாள். ஹெச்இசி, அதாவது வரலாறு, பொருளாதாரம், குடிமையியல் எடுத்து, டிகிரியில் சைக்காலஜி படிக்க வேண்டும் என்றாள். அன்றிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விகளை எல்லாம் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பிளஸ் ஒன், பிளஸ் டூவை இன்டர்மீடியட் என்பார்கள். பத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அடுத்த இரண்டு வருடத்துக்கு வேறு கல்லூரி தேட வேண்டும். அதனால் பதினைந்து வயசுப் பிள்ளையின் வாழ்க்கையை பரீட்சை முடிந்த இரண்டு மாதத்துக்குள் தீர்மானித்துவிட வேண்டும் என்று ஊரே மெனக்கெடும்.

எஸ்.ஆர்.நகர், அமீர்பேட்டை, மோத்தி நகர், கூகட்பல்லி என்று நானும் அவளும் ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் ஒரே காட்சிதான். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் போன வருட ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோக்கள் தரையிலிருந்து கூரை வரைக்கும். மேஜையில் லாமினேட் செய்த ஒரு ஃபீஸ் அட்டை. அதில் எம்பிசிக்குக் கீழே நாலு வகை: ஜேஇஇ மெயின்ஸ் மட்டும், அட்வான்ஸ்டும் சேர்த்து, ஏசி வகுப்பு, ஏசி இல்லாத வகுப்பு. பைபிசிக்கும் அப்படியே. நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஹாஸ்டல் கட்டணம். "ஹெச்இசி லேது மேடம்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "ஆர்ட்ஸ் எவரு தீஸ்குண்டாரு?" என்று திருப்பிக் கேட்டாள். யார் எடுப்பார்கள் என்று கேட்கிறாள், எடுக்க வந்த பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு.

கொஞ்சம் மனசு வைத்த இடங்களில் சிஇசி இருந்தது. காமர்ஸ் கலந்தது என்பதால் அதற்கு மட்டும் ஒரு மரியாதை. ஓரிடத்தில் மகளின் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு அந்த மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவ்வளவு நல்ல மார்க்கை ஏன் மேடம் வீணாக்கறீங்க?" என்றார். மகள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

அரசு ஜூனியர் கல்லூரிகளில் ஹெச்இசி இருக்கிறது. அங்கேதான் சேர்க்கப்போகிறோம் என்றதும் சொந்தத்தில் ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து என் தம்பி போன் செய்தான். "அக்கா, உனக்கு என்ன ஆச்சு? புள்ள ஏதோ ஆசைப்படுதுன்னா நீயும் கூடச் சேந்து ஆடுவியா? சைக்காலஜியா, அது எதுக்கு? வீட்ல ஒரு பி.டெக். இல்லேன்னா நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது என்ன சொல்லுவ?" அவன் கெட்டவன் இல்லை. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவனே இப்படிப் பேசுகிறான் என்பதுதான் வயிற்றெரிச்சல். மாமியார் கொஞ்சம் இறங்கி வந்து, "பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலை போதும்மா, பி.எட். படிக்க வையி" என்றார். நான் டீச்சர். அந்த "போதும்" என்ற சொல் எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது.

சைக்காலஜி எதற்கு என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்கலாம். சனத்நகர்க்காரர்கள் கேட்கக் கூடாது. அரசு மனநல மருத்துவமனை எங்கள் பக்கத்திலேயே, எர்ரகட்டாவில் இருக்கிறது. மெட்ரோவில் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஸ்டேஷன். தூரத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள். காலையில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் பார்க்கலாம். கையில் பிளாஸ்டிக் கவரில் பழைய மருந்துச் சீட்டுகளோடு, பக்கத்தில் பேசாமல் நிற்கிற மகனையோ மகளையோ முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரோடு கடக்கிற அம்மாக்கள். அந்த அம்மாக்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்தான், வகுப்பில் ஒருவன் கொஞ்சம் விசித்திரமாகப் பேசினால் "எர்ரகட்டாகி பம்பிஸ்தாம்" என்று கேலி செய்கிறார்கள். எர்ரகட்டாவுக்கு அனுப்பிவிடுவோம் என்று அர்த்தம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை வைத்துச் செய்கிற அதே அநியாயம். 1794 முதல் நோயாளிகளைக் கவனித்துவரும் அந்த மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசவாக்கியவர்கள் நாம். சினிமாவில் காமெடி என்று அதைக் காட்டினால் கை தட்டுகிறோம்.

மகளுக்கு இந்த ஆசை வந்தது சினிமா பார்த்து அல்ல. ஒன்பதாம் வகுப்பில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் பரீட்சை என்றாலே வாந்தி எடுப்பாள். அவள் அம்மா அப்பா வயிற்று டாக்டரிடம் போனார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், தர்காவில் தாயத்து கட்டினார்கள். ஒரு வருடம் முழுக்க அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து "உனக்கு என்னம்மா பயம்?" என்று கேட்க, அதற்கென்று படித்த ஒரு மனுஷி கிடைக்கவில்லை. என் மகள் கேட்டாள். பதினாலு வயசில் அவளுக்குத் தெரிந்த வகையில் கேட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, இதைப் படிக்கிறதுக்கு என்ன குரூப் எடுக்கணும்?" என்றாள்.

தேவை இல்லாத படிப்பு என்கிறவர்களுக்கு 2019 ஏப்ரல் மறந்துபோயிற்றா? தெலங்கானா இன்டர் ரிசல்ட் வந்தபோது மதிப்பெண் போட்டதில் நடந்த குளறுபடி நாடு முழுக்கப் பேசப்பட்டது. தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம் என்று வந்த ஒரு பெண்ணுக்கு மறுபடி பார்த்தபோது 99. ஆனால் அப்படித் திருத்திக்கொள்ளும்வரை காத்திருக்கத் தெம்பில்லாமல் அந்த ரிசல்ட்டை ஒட்டிய நாட்களில் 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை விட்டார்கள். கமிட்டி போட்டார்கள், ரிசல்ட் போட்ட கம்பெனியைத் திட்டினார்கள், போர்டு ஆபீஸ் முன்னால் போராடினார்கள். நியாயம்தான். அந்தப் பிள்ளைகள் படித்த கல்லூரிகளில் பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தாரா என்ற கேள்வி மட்டும் அந்தச் சத்தத்தில் காணாமல் போயிற்று.

அந்தக் கேள்வியைக் கடைசியில் உச்ச நீதிமன்றம் கேட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போயிருந்த 17 வயதுப் பெண்ணின் மரணத்தை விசாரித்த வழக்கில் 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பு வந்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், தகுதியும் பயிற்சியும் பெற்ற ஒரு கவுன்சலரையோ சைக்காலஜிஸ்ட்டையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்பது அதில் உள்ள கட்டளைகளில் ஒன்று. பள்ளி, கல்லூரி மட்டுமில்லை, கோச்சிங் சென்டர், ஹாஸ்டல் வரைக்கும் அந்த வழிகாட்டுதல்கள் போகின்றன. நான் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். சனத்நகரிலிருந்து அமீர்பேட்டை வரைக்கும் நூறு பிள்ளைக்கு மேல் இருக்கிற கட்டடங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் இரண்டு கை போதாது. இத்தனை கட்டடத்துக்கும் ஆள் எங்கிருந்து வருவார்கள்? ஹெச்இசி லேது என்று சொன்ன கவுன்ட்டரிலிருந்தா?

பள்ளியில் என்ன நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்க்கிறவள் நான். பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு பள்ளியின் கதை இல்லை. கவுன்சலர் வேண்டும் என்பது சிபிஎஸ்இ விதியிலேயே இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற வாரத்தில் ஸ்டோர் ரூமைக் கழுவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கதவில் "கவுன்சலிங் ரூம்" என்று பிரிண்ட் எடுத்து ஒட்டினார்கள். கவுன்சலர் யார் என்று பார்த்தால் எங்கள் பி.டி. சார். தங்கமான மனுஷன், பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் கையில் பிளேடால் கோடு போட்டுக்கொண்டு வந்த எட்டாம் வகுப்புப் பெண்ணை அவரிடம் அனுப்பியபோது அவர் என்ன செய்வார்? "தைரியமா இருக்கணும்மா, காலையில நாலு ரவுண்டு ஓடு" என்று சொல்லி அனுப்பினார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். அவர் மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்தவருக்குச் சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிற நிர்வாகத்தின் மேல்தான் கோபம்.

நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு என்ன சொன்னது? மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர் வரைக்கும், நோயைப் பொறுத்து, சிகிச்சையே கிடைக்காமல் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் தொடங்கியது. 14416க்குக் கூப்பிட்டால் உங்கள் மொழியில் பேச ஆள் உண்டு. நல்ல காரியம். நான் என் வகுப்புப் பிள்ளைகளின் டைரியில் அந்த நம்பரை எழுத வைத்திருக்கிறேன். ஆனால் போனை எடுக்கிற அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஏதோ ஒரு வீட்டில் "சைக்காலஜியா, அது எதுக்கு?" என்ற கேள்வியைத் தாண்டி வந்தவர்தானே.

இவ்வளவு தாண்டி வந்தாலும் வழி நேராக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சைக்காலஜி படித்து, நோயாளிகளைப் பார்க்கிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் எம்ஃபில் என்பதுதான் பல காலமாகப் பெரிய வழி. 2022 நவம்பரில் யுஜிசி எம்ஃபில்லையே எடுத்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜி படிக்கிற பிள்ளைகள் பதறினார்கள். பிறகு, அந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 வரைக்கும் நீட்டிப்பு என்றார்கள். அதற்கு முன்பே 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தனி ஆணையம் அமைக்க ஒரு சட்டம் வந்தது. அதிலும் சைக்காலஜிஸ்ட்டுகள் வருகிறார்கள். இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பெண்ணுக்கு, எட்டு வருடம் கழித்து உன் கையில் எந்தச் சான்றிதழ் இருந்தால் நீ தொழில் செய்யலாம் என்று தெளிவாகச் சொல்ல ஒரு டீச்சராலும் முடியவில்லை. எம்பிபிஎஸ் படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்த நிலைமை வருமா? வந்தால் விட்டுவிடுவோமா?

அடுத்து, தபால் வழிப் படிப்பு. எங்கள் தெருவில் ஒரு தமிழ்ப் பெண், கல்யாணமாகி வந்தவர். இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தே பி.ஏ. முடித்தவர். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சைக்காலஜி சேரப் பணம் சேர்த்து வைத்திருந்தார். 2025 ஆகஸ்டில் யுஜிசி அறிவித்துவிட்டது: அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. பல பாடம் உள்ள பி.ஏ. என்றால் மற்றப் பாடங்கள் இருக்கலாம், சைக்காலஜியை மட்டும் எடுத்துவிட வேண்டும். உச்ச நீதிமன்றம் கவுன்சலர் வை என்று சொன்னதற்கு அடுத்த மாதமே இது.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. மனுஷ மனசைக் கையாள்கிற தொழிலை நேரடிப் பயிற்சி இல்லாமல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுச் செய்யக் கூடாது. அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ஒரு கதவை மூடுகிறவர்கள் இன்னொரு கதவைத் திறந்துவிட்டல்லவா மூட வேண்டும்? மாலைக் கல்லூரி வைக்கிறோம், சனி ஞாயிறு நேரடி வகுப்பு வைக்கிறோம், எர்ரகட்டா மருத்துவமனையிலேயே வந்து பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏதாவது ஒன்று சொன்னார்களா? குடும்பத்தை விட்டுவிட்டு முழுநேரக் கல்லூரிக்குப் போக முடியாத பெண்களுக்குத் தபால் வழிதான் பல்கலைக்கழகம். இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் தொடங்கியதே இந்த ஹைதராபாத்தில்தான். இன்றைக்கு அதன் பெயர் டாக்டர் அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். யாருக்காக அது திறக்கப்பட்டது என்பதை இந்த ஊராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

தொலைநிலைப் படிப்பு என்றால் நமக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான் முதலில் ஞாபகம் வரும். 1979இல் ஆரம்பித்தது. வெளிமாநிலத்தில் வாழ்கிற எத்தனையோ தமிழர்களுக்குப் பட்டம் கொடுத்த இடம். 2022 மார்ச்சில் யுஜிசி ஒரு பொது அறிவிப்பு விட்டது: அங்கே தொலைநிலைப் படிப்புக்கு அனுமதி 2014-15 வரைக்கும்தான், அதற்குப் பிறகு நடத்தியவை செல்லாது என்று. பல்கலைக்கழகத்துக்கும் யுஜிசிக்கும் வழக்கு இருந்தது, சட்டம் இருந்தது, எல்லாம் சரி. நடுவில் ஏழு வருடம் பணம் கட்டிப் பரீட்சை எழுதியவன் என்ன பாவம் செய்தான்? அவனை ஒருத்தரும் வாசலில் நிறுத்தி, "தம்பி, இங்கே சேராதே" என்று சொல்லவில்லையே.

பி.எட். கதையைச் சொல்லாவிட்டால் என் மாமியாருக்குப் பதில் சொன்னதாகாது. "டீச்சர் வேலை போதும்" என்கிறவர்கள் டீச்சராவது எப்படி என்று ஒரு தரம் விசாரித்துப் பார்க்கட்டும். ஒரு வருடமாக இருந்த பி.எட். 2015இலிருந்து இரண்டு வருடமாயிற்று. அதற்கு மேல் டெட் என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். டெட் பாஸானாலும் வேலைக்கு டிஎஸ்சி, அதாவது அரசுப் பள்ளி ஆசிரியர் நியமன அறிவிப்பு, வர வேண்டும். தெலங்கானாவில் 2017க்குப் பிறகு அடுத்த பெரிய அறிவிப்பு 2024இல்தான் வந்தது, 11,062 இடங்களுக்கு. ஏழு வருடம்! இருபத்து மூன்று வயசில் பி.எட். முடித்த பெண் முப்பதைத் தொடுகிற வரைக்கும் தனியார் பள்ளியில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் 2018இல், பி.எட். படித்தவர்களும் ஆரம்பப் பள்ளிக்கு வரலாம் என்று ஒரு உத்தரவு. 2023 ஆகஸ்டில், வர முடியாது, அதற்கு டி.எல்.எட். படித்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஐந்து வருடம் வேறு மாதிரிச் சொல்லி நம்ப வைத்தவர்களை யார் கேட்பது?

இப்போது நாலு வருட ஒருங்கிணைந்த பட்டம் வந்திருக்கிறது. அதையாவது நடுவில் கலைக்காமல் விடுவார்கள் என்று நம்புகிறேன். ஆசிரியர் படிப்பு என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றினால் கேட்க ஆளில்லை என்ற எண்ணம் டெல்லியிலும் இருக்கிறது, எங்கள் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது.

மீடியா, நுண்கலை பற்றி அதிகம் பேசப்போவதில்லை, ஏனென்றால் அதைக் கேட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் திட்டுக்கூடக் கிடைப்பதில்லை, சிரிப்புதான் கிடைக்கிறது. எதிர் வீட்டுப் பையன் நன்றாக வரைவான். பில்டிங் வாட்ச்மேனின் முகத்தை ஒரு நோட்டுப் பேப்பரில் பென்சிலால் வரைந்து கொடுத்தான். அந்த மனுஷன் அதை மீட்டர் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். மாசாப் டேங்க்கில், இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில், ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை நுண்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று அவன் அப்பாவிடம் நான் சொன்னேன். "பல்கலைக்கழகமா? படம் வரையறதுக்கா?" என்றார். 2008இலிருந்து அது தனிப் பல்கலைக்கழகம், கல்லூரியாக அதற்கும் ரொம்ப முந்தியது. பையன் இப்போது எம்பிசி. காலை ஆறு மணிக்கு வேன் வருகிறது, ராத்திரி எட்டுக்குத் திரும்புகிறான். அவன் புதிதாக எதையும் வரைந்து நான் பார்க்கவில்லை.

தார்நாகாவில் இறங்கினால் உஸ்மானியா. அங்கே இதழியல் துறை 1954இலிருந்து நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் இதழியலை 1947இலேயே ஆரம்பித்துவிட்டது. கச்சிபவுலியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சரோஜினி நாயுடு பெயரில் ஒரு பள்ளியே இருக்கிறது: நடனம், நாடகம், ஓவியம், தொடர்பியல் எல்லாம் ஒரே கூரையில். அதே வளாகத்தில் ஹெல்த் சைக்காலஜிக்கு ஒரு மையம் இருக்கிறது. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ பிள்ளைகள் ரயிலேறி இங்கே வந்து படிக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற சனத்நகர்ப் பிள்ளைக்கு அப்படி ஒரு இடம் இருப்பதையே சொல்ல ஆளில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கு 2022இலிருந்து சியூஇடி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஜேஇஇ, நீட், ஈஏபிசெட் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிற எங்கள் பக்கத்தில் சியூஇடி என்று ஒரு போஸ்டர் என் கண்ணில் படவில்லை. டிகிரி சேர்க்கைக்குத் தெலங்கானாவில் தோஸ்த் என்று ஆன்லைன் முறை. அதில் சைக்காலஜி சேர்ந்த காம்பினேஷன் எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் தனியார் மகளிர் கல்லூரிகள்தான் முன்னால் வருகின்றன. போதிய பேர் சேரவில்லை என்றால் எடுத்த காம்பினேஷனை விட்டுவிட்டு வேறு எங்காவது மாறிக்கொள் என்பார்கள். மகளின் சீனியர் ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று. சைக்காலஜி கேட்டவள் இப்போது பி.காம். கம்ப்யூட்டர்ஸ் படிக்கிறாள்.

நான் இன்ஜினியரிங்குக்கு எதிரி இல்லை. ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைகள் படிக்கட்டும், நன்றாக வரட்டும். ஆனால் சனத்நகரிலிருந்து மெட்ரோவில் கொஞ்ச நேரத்தில் அமீர்பேட்டை. சாயங்காலம் மைத்ரிவனம் பக்கம் போய் நின்று பாருங்கள். பி.டெக். முடித்த பிள்ளைகள், நாலு பேருக்கு ஒரு அறை என்று ஹாஸ்டலில் தங்கி, டெஸ்டிங், ஜாவா, டேட்டா சயின்ஸ் என்று மறுபடி பணம் கட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் அப்பா அம்மாவிடம் வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொல்லிவிட்டு இங்கே ஒரு வேளை சாப்பாட்டை இரண்டு வேளையாக்குகிற பையன்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் பக்கத்தில் நின்றால் அவர்கள் பேசுவது காதில் விழும். "வேலை கிடைக்காது" என்று சைக்காலஜியைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஏன் அதைச் சொல்வதில்லை? அவர்களில் எத்தனை பேர் வேறு ஏதாவது படித்திருக்க வேண்டியவர்கள் என்று நமக்குத் தெரியுமா? கேட்டிருந்தால்தானே தெரியும்.

இந்தப் பிள்ளைகள் மனசு உடைந்து உட்கார்ந்தால் பேச ஆள் இல்லை. ஏனென்றால் அந்த ஆளாக வேண்டியவளையும் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு எம்பிசிக்கு அனுப்பிவிட்டோம்.

மகள் இப்போது அரசு ஜூனியர் கல்லூரியில் ஹெச்இசி படிக்கிறாள். வகுப்பில் கூட்டம் கிடையாது. குடிமையியல் சொல்லிக்கொடுக்கிற மேடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், தலையங்கத்தைப் பிரித்துப் பேச வைக்கிறார். வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு அவளுக்கு விஷயம் தெரிகிறது. படிப்பென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த மேடத்தின் வேலை நிரந்தரமில்லை என்று அவளே சொன்னாள். அடுத்த வருடம் அவர் இருப்பாரா தெரியாது.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் எனக்காக இரண்டு காரியம் செய்யுங்கள். இன்டர் கல்லூரி கவுன்ட்டரில், வேண்டுமோ வேண்டாமோ, "ஹெச்இசி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர்கள் இல்லை என்பதுதான் அவர்கள் சொல்கிற ஒரே காரணம். பிள்ளை படிக்கிற பள்ளிக்குப் போய் கவுன்சலர் யார், அவர் என்ன படித்திருக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். பி.டி. சார் என்று பதில் வந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜூலை 25ஆம் தேதித் தீர்ப்பை அதோடு சேர்த்து வைத்து, திரும்பவும் கேளுங்கள்.